ராத்திரி ரெண்டு மணிக்கு பழனி படி ஏறுறது

கவலைப்படுறவங்களுக்கு கற்பனை கம்மின்னு யாரும் சொல்ல முடியாது. தூக்கம் வராம படுத்திருக்கிற எந்தப் பொம்பளைய வேணா கேட்டுப் பாருங்க, நடக்காத ஒண்ண நடந்த மாதிரியே கலரோட சத்தத்தோட சொல்லுவாங்க. எனக்கு அது காட் ரோடு. வீட்டுக்காரர் டூரிஸ்ட் கார் ஓட்டுறார், கொடைக்கானல்லேர்ந்து மதுரை ஏர்போர்ட், கொடைரோடு ஸ்டேஷன், சில நாள் பழனி வழியா கோயம்புத்தூர்னு சவாரி போகும், சீசன் நேரத்துல எத்தன மணிக்குத் திரும்புவோம்னு அவருக்கே தெரியாது. காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டிட்டேன்னு ஒரு போன் வரும், அதுக்கப்புறம் வளைவுல டவர் இருக்காது, மேகம் இறங்கிருச்சுன்னா முன்னாடி போற வண்டியோட பின்லைட்டு கூட தெரியாது. டம்டம் பாறை வந்திருப்பார், ஊத்து வந்திருப்பார், இந்நேரம் பெருமாள்மலை வந்திருக்கணுமேன்னு நான் படுத்துக்கிட்டே கணக்கு போடுவேன். கணக்கு கொஞ்சம் இடிச்சாப் போதும், என் மனசுல வண்டி பள்ளத்துல கிடக்கும். போலீஸ் போன் பண்ணும், நான் பிள்ளைய எழுப்புவேன், யார் வீட்டுல விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு யோசிப்பேன், வண்டி லோனுக்கு யார் கட்டுவான்னு வரைக்கும் போயிரும். அவர் அந்நேரம் எங்கயோ டீக்கடைல நின்னு டீ குடிச்சிட்டு இருப்பார்.

சும்மா கண்ண மூடி நல்லத நினைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நல்லதுன்னா எத? கடற்கரைய நினை, பூந்தோட்டத்த நினைன்னு யூடியூப்ல ஒரு அம்மா மெதுவா பேசுறாங்க, எனக்கு அந்தக் கடற்கரைல யாரும் இல்ல, அங்க போய் நான் யார்கிட்ட பேசுறது. எனக்கு அமைதி கொடுத்தது எங்க அப்பத்தா பண்ணிக்கிட்டு இருந்த ஒரு விஷயம், அதத்தான் இங்க எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன்.

அப்பத்தா மேல்மலைக்காரங்க. மன்னவனூர் பக்கம், பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைச்ச குடும்பம். வயசுல ஊர்க்காரங்களோட சேந்து பங்குனி உத்திரத்துக்கு மலைப்பாதைல இறங்கி நடந்தே பழனிக்குப் போவாங்களாம், தலைல அரிசி மூட்டை, இடுப்புல எங்க அப்பா. கடைசி காலத்துல இடுப்பெலும்பு முறிஞ்சு எங்க வீட்டு உள்ரூம்ல கட்டிலோட ஆயிட்டாங்க. சாயங்காலம் ஆச்சுன்னா கம்பளிய மார் வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, "ஏத்தா, நான் பழனிக்குப் போயிட்டு வாரேன், யாரும் கூப்பிடாதீக" அப்படின்னு சொல்லிட்டு கண்ண மூடிக்குவாங்க. நான் அப்ப ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன், தூங்குறாங்கன்னுதான் நினைச்சேன். ஒருநாள் பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் பண்ணிட்டு இருந்தப்போ மூச்சு வாங்குது அவங்களுக்கு. என்னாச்சு அப்பத்தான்னு பதறிப்போய் கேட்டா, "ஒண்ணுமில்லடி, படி செங்குத்தா இருக்கு, இந்த மண்டபத்துல செத்த உக்காந்துட்டுப் போறேன்"ங்கிறாங்க.

அதுக்கப்புறம் தினம் கேட்டுக் கேட்டு வாங்குனேன். அவங்க போற வழி இது: சண்முக நதில முங்கி எழுந்திரிக்கணும், ஈரத்துணியோட முதல்ல கீழ திருஆவினன்குடி, அங்க கும்பிடாம மேல ஏறக்கூடாது, அப்புறம் பாத விநாயகர், அதுக்கப்புறம்தான் படி. 693 படி. யானைப்பாதை வேணாம், மலைமேல இழுத்துட்டுப் போற விஞ்ச் ரயில் வேணாம், ரோப் கார் வந்தது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு படியக் கூட விடமாட்டாங்க. பூக்காரம்மாகிட்ட நின்னு பேசுவாங்க, செருப்பு போட்ட இடத்த ஞாபகம் வச்சுக்குவாங்க, யாராச்சும் வந்து மாத்திரை கொடுக்க எழுப்பிட்டா அடுத்த நாள் அந்தப் படிலேர்ந்துதான் ஆரம்பம். மலை உச்சிக்குப் போறது சாயரட்சைங்கிற சாயங்கால பூஜை நேரம், ராஜ அலங்காரத்துல நிப்பார் முருகன். ஆனா அப்பத்தாவுக்கு ராஜாவ விட ஆண்டிக் கோலம்தான் இஷ்டம். "கிரீடம் வச்சிருக்கவர்கிட்ட என்னத்த சொல்றது, கோவணத்தோட நிக்கிறவருன்னா நம்மள மாதிரி ஒண்ணுமில்லாத ஆளு, கேப்பாரு" அப்படிம்பாங்க.

நான் ஒருதரம் கேட்டேன், பூம்பாறை குழந்தை வேலப்பர் உங்க ஊருக்குப் பக்கத்துலயே இருக்காரே, பழனில இருக்கிற மாதிரியே போகர் சித்தர் செஞ்ச நவபாஷாணச் சிலைன்னு எல்லாரும் நம்புறாங்களே, மனசுல போறதுன்னா அங்க போனா சுலபம்ல, ஏன் அம்புட்டு தூரம்னு. அப்பத்தா சொன்னாங்க: "பக்கத்துல இருக்கவரு நம்ம பொழப்பப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு, தூரத்துல இருக்கவரத்தான் நாம போய்ப் பாக்கணும்."

படில பாதி வழில இடும்பன் சன்னதி இருக்கும். அங்க அவங்க ரொம்ப நேரம் நிப்பாங்க. கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அகத்தியர் சொல்லி சிவகிரி சக்திகிரின்னு ரெண்டு மலையக் காவடியாக் கட்டித் தோள்ல தூக்கிட்டு தெக்க வந்தவன், பழனிகிட்ட வந்தப்போ களைச்சுப் போய் இறக்கி வச்சான், இளைப்பாறிட்டு மறுபடி தூக்கப் பாத்தா மலை அசையல. அப்புறம் முருகனோட சண்டை, செத்தது, உயிர் வந்தது, வாசல்ல காவலா நின்னது, காவடி எடுத்து வர்றவங்க அவனையும் கும்பிடணும்னு வரம் வாங்குனது எல்லாம். சொற்பொழிவுல சண்டைய பெருசா சொல்லுவாங்க. அப்பத்தாவுக்கு அந்த இறக்கி வச்ச இடம்தான் முக்கியம். அம்புட்டு பெரிய அசுரன், ஒரு இடத்துல வந்து என்னால முடியலன்னு தோளுலேர்ந்து இறக்கி வச்சான் பாரு, அந்த இடம்தான் பழனின்னு சொல்லுவாங்க. நான் இத வேற எங்கயும் கேட்டதில்ல, சரியா தப்பான்னு பெரியவங்க யாராச்சும் சொல்லட்டும், எனக்கு அது போதும்.

அவங்க போய்ச் சேந்து வருஷங்கள் ஆச்சு. கல்யாணம் ஆகி, வண்டி வாங்கி, இந்த ராத்திரிக் கணக்கெல்லாம் ஆரம்பிச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஒரு காலத்துலதான் அப்பத்தாவோட அந்தப் பாதை எனக்கு ஞாபகம் வந்துச்சு. அப்பத்தான் ஒண்ணு புரிஞ்சுது. நான் பயப்படும்போது என் மனசு படியெல்லாம் ஏறுறதில்ல, போன் எடுக்கலங்கிறதுலேர்ந்து நேரா பள்ளத்துக்குப் போயிருது, நடுவுல இருக்கிற வளைவு, பாலம், டீக்கடை, கேரட் லோடு ஏத்திட்டு எதிர்ல வர்ற வண்டி ஒண்ணும் கிடையாது. அப்பத்தா நேரா உச்சிக்குப் போனதே இல்ல. அவங்களுக்கு நிம்மதி சன்னதில கிடைச்சுதா படில கிடைச்சுதான்னு கேட்டா நான் படிலதான்னு சொல்லுவேன்.

பூசலார் நாயனார் கதைய அதுக்கப்புறம்தான் நான் ஒழுங்கா உக்காந்து படிச்சேன். ஸ்கூல்ல மனக்கோயில் கட்டினவர்னு ஒரு வரில முடிச்சுருவாங்க. திருநின்றவூர்க்காரர், சிவனுக்கு ஒரு கோயில் கட்டணும்னு ஆசை, காசு தேடி அலைஞ்சார், கிடைக்கல. அப்ப பெரியபுராணத்துல சேக்கிழார் சொல்றது எனக்கு ரொம்பப் பிடிச்சது: அவர் சட்டுனு மனசுக்குள்ள ஒரு கோபுரத்த நிறுத்திரல. பொருள மனசாலயே தேடிச் சேக்கிறார், தச்சர்களையும் மனசாலயே தேடிப் பிடிக்கிறார், நல்ல நாள் பாக்கிறார், ஆகமத்துல சொன்ன மாதிரி அஸ்திவாரம் போடுறார், சிகரம் வைக்கிறார், சுதை பூசுறார், கிணறு வெட்டுறார், மதில் எழுப்புறார், குளம் தோண்டுறார். ராத்திரி கண்ண மூடாம கட்டுறார்னு வருது. இந்த இடத்துல நான் புத்தகத்தக் கீழ வச்சிட்டேன். அவருக்கும் தூக்கம் இல்ல! முழிச்சிருக்கிறது ஒண்ணும் வியாதி இல்ல, முழிச்சிக்கிட்டு என்ன கட்டிட்டு இருக்கோம்ங்கிறதுதான், நான் ராத்திரி பூரா கட்டுனது எல்லாம் ஆஸ்பத்திரியும் போலீஸ் ஸ்டேஷனும். காஞ்சிபுரத்துல அதே சமயம் பல்லவ ராஜா கல்லுல பெரிய கோயில் கட்டி (இப்பவும் நிக்குற கைலாசநாதர் கோயில்தான் அதுன்னு சொல்றாங்க) கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சிட்டார், சாமி கனவுல வந்து நாளைக்கு நான் நின்றவூர்ல பூசல் கட்டுன கோயிலுக்குப் போறேன், உன்னோடத இன்னொரு நாள் வச்சுக்கோன்னு சொல்லிட்டார். ராஜா தேடிப் போனா ஊர்ல அப்படி ஒரு கோயிலே இல்லங்கிறாங்க. கடைசில அந்த மனுஷன் கால்ல விழுந்துட்டுத் திரும்புறார். திருநின்றவூர்ல இப்ப இருதயாலீஸ்வரர்னு நிஜமாவே கோயில் இருக்கு, பூசலார் சிலையும் உள்ளயே இருக்கு.

இதே விஷயம் வேற மதத்துல வேற மாதிரி இருக்குன்னு எனக்குக் காட்டுனது என் கூட வேலை பாக்கிற ஒரு அக்கா. அவங்க கொடைக்கானல் பக்கத்துல செண்பகனூர்க்காரங்க, அந்த ஊரே சேசு சபை சாமியார்களச் சுத்தி வளந்த ஊர், திருஇருதயக் கல்லூரி 1895லேர்ந்து அங்க இருக்கு, ஆர்க்கிட் பூவும் பாடம் பண்ணின பாம்பும் வச்சிருக்கிற மியூசியம் பாக்க ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் போயிருப்போம். அந்த அக்காவோட அப்பா அங்க ரொம்ப காலம் தோட்ட வேலை பாத்தவர். மத்தியானம் சாப்பிடும்போது நான் அப்பத்தா கதைய சொன்னதும், "அடியே இது எங்க இஞ்ஞாசியார் சொன்னதுல்ல" அப்படின்னாங்க.

லொயோலா இஞ்ஞாசியார்தான் அந்த சேசு சபைய ஆரம்பிச்சவர், அதுக்கு முன்னாடி ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521ல பம்பலோனாங்கிற ஊர்ல நடந்த சண்டைல பீரங்கிக் குண்டு கால்ல பட்டு, எங்க அப்பத்தா மாதிரியே படுக்கைல கிடந்தவர். பொழுதுபோகல, வீரசாகசக் கதைப் புத்தகம் வேணும்னு கேட்டிருக்கார், அந்த வீட்டுல இருந்தது இயேசு வாழ்க்கையும் புனிதர்கள் கதையும்தான். படிச்சிட்டுப் படிச்சிட்டு மணிக்கணக்கா பகல்கனவு காண்பாராம். ஒரு கனவு, பெரிய இடத்துப் பொண்ணு ஒருத்திக்காக வீரச்செயல் பண்றது. இன்னொண்ணு, வெறுங்காலோட எருசலேம் போறது, கீரைய மட்டும் தின்னுட்டு தவம் பண்றது. ரெண்டுமே காணும்போது சந்தோஷமாத்தான் இருந்துச்சு. முடிஞ்சப்புறம் முதல் கனவு மனச வறட்சியா விட்டுட்டுப் போச்சு, ரெண்டாவது போனப்புறமும் சந்தோஷம் மிச்சம் இருந்துச்சு. இத அவர் கவனிச்சார். இதுலேர்ந்துதான் பின்னாடி ஆன்மீகப் பயிற்சிகள்ங்கிற புத்தகம் வந்துச்சு, 1548ல போப்பு அங்கீகாரம் குடுத்தார், இன்னைக்கும் முழுசா பண்றவங்க ஒரு மாசம் மௌனமா இருந்து பண்றாங்க.

அதுல ஒரு இடத்த அக்கா சொன்னப்போ எனக்குப் புல்லரிச்சுது. இயேசு பிறப்பத் தியானிக்கும்போது, நாசரேத்லேர்ந்து பெத்லகேம் போற ரோட்ட மனக்கண்ணால பாருன்னு சொல்றாராம். எவ்ளோ நீளம், எவ்ளோ அகலம், சமவெளியா, இல்ல பள்ளத்தாக்கும் மேடுமாப் போகுதா. அப்புறம் அந்தக் குடில்ல உன்ன ஒரு ஏழை வேலைக்காரனா நினைச்சுக்கிட்டு அவங்களுக்கு வேண்டியத செஞ்சு குடுன்னு. ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி எங்கயோ ஐரோப்பால ஒருத்தர் ரோட்டோட அகலத்தப் பாருங்கிறார், மன்னவனூர்ல எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி செருப்ப எங்க விட்டோம்னு ஞாபகம் வச்சுக்கிறா. இவங்க ரெண்டு பேரும் சந்திச்சிருந்தா மொழி தெரியாமலே பேசிக்கிட்டிருப்பாங்க.

அக்கா தினம் போறது எங்க தெரியுமா, கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கு, நேர்ல இல்ல, மனசுல. 1846ல பிரான்ஸ்ல சலேத்ங்கிற ஊர்ல மலை மேல ஆடுமாடு மேய்ச்ச ரெண்டு பிள்ளைங்களுக்கு மாதா காட்சி குடுத்தப்போ முகத்தக் கைல பொத்திக்கிட்டு உக்காந்து அழுதுட்டு இருந்தாங்களாம். அக்கா போய் அந்தம்மா பக்கத்துல உக்காந்துக்குவாங்க, அவ்வளவுதான். எதுவும் கேக்க மாட்டாங்க. "அழுகுறவங்ககிட்ட போய் நம்ம லிஸ்ட்ட நீட்டுவியா"ன்னு என்ன கேட்டாங்க. மூணு வருஷத்துக்கு ஒருதரம் வேலைய புதுப்பிக்கிற காண்ட்ராக்ட்ல இருந்துக்கிட்டு, மகன் படிப்புக்கு நகைய அடகு வச்சிட்டு, அந்த முகத்துல இருக்கிற தெளிவு எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இதெல்லாம் நம்மள நாமே ஏமாத்திக்கிறது இல்லையான்னு என் தம்பி கேக்குறான். நல்ல கேள்விதான், நானும் யோசிச்சேன். பள்ளத்துல கிடக்கிற வண்டியும் நான் கண்ணால பாத்தது இல்லையே, அத மட்டும் நிஜம்னு ஏன் நம்புறேன்? அப்புறம் இன்னொண்ணு, கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும், வெளிநாட்டுல பிறந்து இந்துவா மாறின லீலாவதி ராமநாதன்ங்கிற அம்மா 1936ல கட்டுனது, அங்க பின்பக்கம் நின்னா வானம் தெளிவா இருக்கிற அன்னைக்கு கீழ பழனி மலை தெரியும். முக்கால்வாசி நாள் தெரியாது, மேகம்தான். அன்னைக்கு அங்க நின்னு கண்ண மூடி மலைய நினைச்சுக்கிட்டா அது நானா உண்டாக்குன மலையா? நம்பிக்கை மலை இருக்குன்னு சொல்லுது, மனசு அங்க நடந்து போகுது. மலையே இல்லன்னு நினைக்கிறவங்களுக்கு இது வெறும் கற்பனைதான், அவங்களோட நான் வாதாட மாட்டேன். தம்பிகிட்ட நான் இஞ்ஞாசியார் சொன்னததான் சொன்னேன், முடிஞ்சப்புறம் என்ன மிச்சம் இருக்குன்னு பாரு, ஏமாத்திக்கிறதுன்னா காலைல எழுந்திரிக்கும்போது வெறுமையா இருக்கும்.

நான் எப்படிப் பண்றேன்னு சொல்லிடுறேன். முதல்ல வாசனை. திருநீறு கொஞ்சம் நெத்தில வச்சுக்குவேன், அந்த வாசனையப் பிடிச்சுக்கிட்டுத்தான் கீழ இறங்குவேன். சண்முக நதித் தண்ணி ஜில்லுனு கணுக்கால்ல படணும், படலன்னா அங்கயே நிப்பேன், அவசரமே இல்ல. திருஆவினன்குடி. பாத விநாயகர். படில காலு வைக்கும்போது கல்லு சூடா இருக்கா குளிரா இருக்கான்னு பாப்பேன். மனசு நடுவுல காட் ரோட்டுக்கு ஓடும், கண்டிப்பா ஓடும், அத நான் இப்ப திட்டுறதில்ல, அவரையும் கூட்டிக்கிட்டு ஏறுறேன், வண்டிய அடிவாரத்துல போட்டுட்டு அவர் எனக்கு முன்னாடி ரெண்டு படி ஏறிப் போவார், அவருக்கு எப்பவும் அவசரம். இடும்பன்கிட்ட வந்ததும் நின்னு, இன்னைக்கு என்ன தூக்கிட்டு வந்தேனோ அதச் சொல்லிடுவேன். டியூ தேதி, வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்ததுலேர்ந்து சவாரி எப்படி இருக்குமோங்கிற யோசனை, அவரோட பிரஷர் மாத்திரை, எல்லாம். சொல்லிட்டு அங்கயே விட்டுட்டு மேல போறதுதான் முறை. பெரும்பாலும் நான் இடும்பனத் தாண்டினதே இல்ல, தூங்கிடுறேன். போய்ச் சேராம தூங்கிட்டோமேன்னு ஆரம்பத்துல மனசு உறுத்துச்சு, இப்ப இல்ல, அவன் இளைப்பாறுன இடத்துலதானே நானும் படுத்திருக்கேன்.

மேல போய்ச் சேந்த ராத்திரிகளும் உண்டு. ராக்கால பூஜை நேரம், சாமிக்கு சந்தனம் சாத்துவாங்க, மறுநாள் காலைல அதத்தான் ராக்கால சந்தனம்னு பிரசாதமா குடுக்கிறது. கூட்டம் கலைஞ்சிருக்கும். அந்த நேரத்துல அவர் முன்னாடி நின்னா எனக்கு எதுவுமே கேக்கத் தோணினது இல்ல. அவரு பாக்குறாரு, நான் பாக்குறேன். அத எப்படி எழுதுறதுன்னு தெரியல.

ஒரு விஷயம் மட்டும் தெளிவா சொல்லணும். எனக்கு படபடப்பு ரொம்ப முத்திப் போன சமயத்துல டாக்டர்கிட்ட போனேன், கொஞ்ச காலம் மாத்திரையும் சாப்பிட்டேன், அது தேவைப்பட்டுச்சு. சாமி கும்பிடுறவ மாத்திரை சாப்பிடக்கூடாதுன்னு எந்த சாமியும் சொல்லல. தூக்கம் இல்லாம, சாகணும்னு தோணுற அளவுக்கு யாராச்சும் இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு படி ஏறுறதோட நிறுத்தாதீங்க, வீட்டுல சொல்லுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416 நம்பர் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

எல்லா ராத்திரியும் இது பலிக்காது. சில நாள் தண்ணியும் படாது, படியும் தெரியாது, வெறும் இருட்டு. அப்போ நான் பஞ்சாமிர்தத்த நினைச்சுக்குவேன், அதுல சேர்ற விருப்பாச்சி மலைவாழை எங்க கீழ்மலைல விளையிறது, நாங்க போக முடியாத அன்னைக்கும் எங்க ஊரு பழம் அவருகிட்ட போய்க்கிட்டுத்தான் இருக்கு.

பாப்பாவுக்கும் இப்போ சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருக்கேன், அவ அப்பா வர லேட் ஆனா அவளும் முழிச்சுக்கிறா. போன வாரம் படுத்துக்கிட்டே கேட்டா, "அம்மா, நான் படில ஏறல, விஞ்ச்ல போகட்டா?" தாராளமாப் போ, ஆனா க்யூல நிக்கணும், டிக்கெட் எடுக்கணும், உன் முறை வர்ற வரைக்கும் முன்னாடி நிக்கிறவங்க என்ன கலர் துணி போட்டிருக்காங்கன்னு ஒவ்வொருத்தரா பாத்துச் சொல்லுன்னேன். மஞ்சள், பச்சை, மஞ்சள், காவின்னு சொல்லிட்டே வந்தா, க்யூ ரொம்ப பெருசும்மான்னா, அதுக்கப்புறம் சத்தத்தக் காணோம்.